ஒரே டவரில் இத்தனை ஆன்டெனாக்கள் எதற்கு? ஒன்றோடொன்று குழம்பாதா?

கேள்வி
எழுதியவர்: எம்.சி. ரோடு ஜவுளிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் சிறிய ஆயத்த ஆடைக் கடை வைத்திருக்கிறேன். எதிர்வரிசையில் மூன்றாவது கட்டடத்தின் மொட்டை மாடியில் கைப்பேசி டவர் ஒன்று பல ஆண்டுகளாக நிற்கிறது. முன்பு அதில் ஆள் உயரத்துக்கு ஒடுக்கமான வெள்ளைப் பலகைகள் மூன்று மட்டுமே இருந்தன. இப்போது அவற்றுக்குப் பக்கத்தில் உயரம் குறைந்து, அகலமும் தடிமனும் கூடிய பெட்டிகள் மூன்று வந்திருக்கின்றன. அவற்றைப் பொருத்த வந்த பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தபோது, அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே 192 ஆன்டெனாக்கள் இருப்பதாக ஒருவர் சொன்னார்.

எனக்கு விளங்காதது இதுதான். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் ஒலிபரப்பினால் வானொலியில் இரண்டும் கலந்து இரைச்சலாகத்தான் கேட்கும் என்பதை நாம் அனைவரும் அனுபவித்திருக்கிறோம். அப்படியிருக்க, ஒரே பெட்டிக்குள் இத்தனை ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் எப்படித் தெளிவு கூடும்? ஒருவர் பேசுவது காதில் விழவில்லை என்றால் அவரையே உரக்கப் பேசச் சொல்வோமே தவிர, கூட நான்கு பேரைக் கத்தச் சொல்வோமா?

கேள்விக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கல்லாவின் மேல், யு.பி.ஐ. பணம் வந்ததை அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டுகிறார். பெட்டி மௌனமாக இருக்கிறது. அவர் போய் அடுத்தவர் வந்து நிற்கும்போது, முன்னவரின் தொகையை உரக்கச் சொல்கிறது. நிறுவனத்தின் ஆள் இரண்டு முறை பெட்டியை மாற்றிக் கொடுத்தும் பயனில்லை. அதே கல்லாவில் அதே நிறுவனத்தின் சிம் போட்ட என் கைப்பேசி முழுக் கோடு காட்டுகிறது. போதாக்குறைக்கு, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அந்தக் கைப்பேசியிலும் எதுவும் நகர்வதில்லை. எதிரிலேயே டவர் இருந்தும் ஏன் இப்படி?

பதில் 1
எழுதியவர்: கோபுரத்தடி

வணக்கம் ஐயா. டவர் பராமரிப்பிலும் அதன் பிறகு சிக்னல் அளவீட்டுப் பணியிலுமாகப் பதினோர் ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை என்பதால் உங்கள் சந்தும் ஓரளவு பழக்கம். அந்தப் பையன் சொன்ன எண் சரியானதே. 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 5ஜி பெட்டிகள் பலவற்றில் 12 கிடைவரிசைகள், 8 நெடுவரிசைகள், ஒவ்வொரு புள்ளியிலும் பெருக்கல் குறிபோல் குறுக்கே சாய்த்த இரண்டு ஆன்டெனாக்கள் என்று மொத்தம் 192 இருக்கும். அவை மும்மூன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, 64 தனித்தனி அனுப்பி-வாங்கிகளோடு இணைக்கப்பட்டிருக்கும். பெட்டி குள்ளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்களுக்கு இடையே ஏறக்குறைய அரை அலைநீளம் இடைவெளி வேண்டும். 3,500 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 4.3 செ.மீ., அதாவது இரண்டு மூன்று விரல்களின் அகலம். 900 மெகாஹெர்ட்ஸில் அதுவே 17 செ.மீ. ஆகிவிடுவதால், எட்டு நெடுவரிசைகளை அங்கே வைக்க வேண்டுமானால் நாலரை அடி அகலக் கட்டிலைத்தான் கம்பத்தில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஒரே அலைவரிசையில் இரண்டு ஆன்டெனாக்கள் வெவ்வேறு தகவல்களை அனுப்பினால் அவை காற்றில் கலந்துவிடும் என்பது முழு உண்மை. வாங்கும் பக்கத்தில் ஒரே ஓர் ஆன்டெனா இருந்தால் அந்தக் கலவையைப் பிரிக்க வழியில்லை. வானொலி இரைச்சல் அதனால் வந்ததுதான். ஆனால் வாங்கும் பக்கத்திலும் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்து, இரண்டுக்கும் கலவை வெவ்வேறு விகிதத்தில் வந்து சேர்ந்தால், விவகாரம் பள்ளிக்கூடக் கணக்காகிவிடுகிறது. டவரின் முதல் ஆன்டெனா அனுப்பிய எண்ணைக் ‘க’ என்றும் இரண்டாவது அனுப்பியதைச் ‘ச’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியின் மேல்முனை ஆன்டெனாவில் 3க + ச = 11 என்றும், கீழ்முனை ஆன்டெனாவில் க + 2ச = 7 என்றும் பதிவானால், க = 3, ச = 2 என்று கணக்கைப் போட்டு எடுத்துவிடலாம். ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், இரண்டு எண்கள் வந்து சேர்ந்துவிட்டன. இந்த விகிதங்கள் கைப்பேசிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இரு தரப்பும் முன்கூட்டியே அறிந்த சோதனைக் குறிகளை டவர் ஒவ்வோர் ஆன்டெனாவிலிருந்தும் தனித்தனியாக இடையிடையே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவை எந்த அளவில் எந்த நிலையில் வந்து சேர்கின்றன என்பதை அளந்து கைப்பேசி விகிதங்களைக் கணித்துக்கொள்கிறது. எங்கள் தொழிலில் இந்த ஏற்பாட்டுக்கு மைமோ என்று பெயர்.

விகிதங்கள் வேறுபடுவதற்கு உங்கள் சந்துதான் காரணம். எதிர்ச்சுவர், இரும்பு ஷட்டர், மாடித் தண்ணீர்த் தொட்டி, தெருவில் நிற்கும் குட்டியானை என்று எல்லாவற்றிலும் அலை பட்டுத் தெறித்து, பத்துப் பதினைந்து வழிகளில் கைப்பேசிக்கு வருகிறது. ஒவ்வொரு வழியின் நீளமும் வேறு என்பதால், சில அலைகள் ஒன்றை ஒன்று வலுப்படுத்துகின்றன, சில ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. அந்தக் கூட்டல் கழித்தல் நான்கு விரல் தள்ளி வேறு விதமாக அமைகிறது. பழைய நாள்களில் இந்தத் தெறிப்பைத் தொல்லையாகவே பார்த்தார்கள்; மைமோவுக்கு அது மூலதனம். தெறிப்பே இல்லாத இடத்தில் இரண்டு சமன்பாடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். 3க + ச = 11, 3க + 1.1ச = 11.2 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விடை அதேதான். ஆனால் இரண்டாவது எண்ணில் இரைச்சலால் 0.1 மட்டும் கூடி 11.3 ஆகிவிட்டால், ச என்பது 2இலிருந்து 3க்குத் தாவிவிடுகிறது. சிறு இரைச்சல் பெரும் பிழையாகிவிடும் அத்தகைய இடத்தில், கைப்பேசியே டவருக்கு “இங்கே ஒரு வரிசைதான் தாங்கும்” என்று தெரிவிக்கிறது. டவரும் இரண்டாவது தகவல் வரிசையை நிறுத்திவிடுகிறது.

இது முதல் பயன். இரண்டாவது பயன் காப்பீடு போன்றது. ஒரு புள்ளியில் அலைகள் ஒன்றை ஒன்று அழிக்கும்போது சிக்னல் நூறில் ஒரு பங்காக, சில வேளை ஆயிரத்தில் ஒரு பங்காகக்கூட வீழும். ஓர் ஆன்டெனா அத்தகைய பள்ளத்தில் அகப்பட பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றால், ஒன்றோடொன்று தொடர்பின்றி ஏறி இறங்கும் இரண்டு ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் அகப்பட நூறில் ஒரு வாய்ப்புத்தான். நான்கும் அகப்படப் பத்தாயிரத்தில் ஒன்று. மூன்றாவது, 64 அனுப்பிகளும் ஒரே தகவலை, தகுந்த சிறு காலத் தாமதங்களோடு அனுப்பி, உங்கள் கைப்பேசி இருக்கும் புள்ளியில் எல்லா அலைகளும் ஒன்றுகூடுமாறு செய்வது. செலவிடும் மொத்தத் திறன் மாறாமலேயே அந்தப் புள்ளியில் வலிமை 64 மடங்கு வரை உயரலாம். உங்கள் உவமையிலேயே சொன்னால், இது நால்வர் கத்துவது அல்ல. தேர் வடத்தை நால்வர் ஒரே மூச்சில் இழுப்பது.

உங்கள் சவுண்ட் பாக்ஸுக்கு இந்த வசதிகள் போய்ச் சேர்வதில்லை என்பதே என் ஊகம். 4ஜியில் இயங்கும் அத்தகைய பெட்டிகள் பலவற்றில், விலையைக் குறைப்பதற்காக, ஒரே ஓர் ஆன்டெனாவோடு வேலை செய்யும் ‘கேட் 1 பிஸ்’ வகைச் சில்லு இருக்கும். கைப்பேசியில் இரண்டு அல்லது நான்கு வாங்கும் ஆன்டெனாக்கள் இருப்பதால் ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது காப்பாற்றுகிறது. பெட்டிக்கு அந்த மாற்று வழி கிடையாது. கல்லாவில் அதை ஒரு சாண் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள்.

பதில் 2
எழுதியவர்: காசிமேடு விசைப்படகு

கோபுரத்தடி அண்ணன் எழுதியதைப் படித்ததும், பல நாளாக மனத்தில் இருந்த ஒன்று விளங்கியது. எங்கள் குடும்பத்துக்கு விசைப்படகு இருக்கிறது. நானும் விடுமுறைகளில் கடலுக்குப் போவதுண்டு. துறைமுகத்தின் ஏலக்கூடத்தில் நிற்கும்போது, ஞாயிறு காலைக் கூட்டம் கூடுவதற்கு முன்பு வரை, காணொளி தடையின்றி ஓடும். படகு வெளியேறி ஐந்தாறு கிலோமீட்டர் போனபின், கரையில் உள்ள டவர் கண்ணுக்கு நேராக, நடுவில் மரம் மட்டை எதுவும் இல்லாமல் தெரியும், கோடுகளும் குறையாது, பேச்சும் தெளிவாக இருக்கும். ஆனால் காணொளி மட்டும் ஏலக்கூடத்தில் ஓடியது போல் ஓடாது. மறைப்பே இல்லாத இடத்தில் வேகம் குறைவது எப்படி என்று சிறுவயதிலிருந்து வியந்திருக்கிறேன். கடலில் அலையைத் தெறிக்க வைக்கச் சுவர் இல்லாததுதான் காரணமா? அப்படியானால் பெட்டிக்குள் 192 இருந்தும் எங்களுக்குப் பயனில்லையா? இன்னொன்றும் கவனித்திருக்கிறேன்: நேர்கோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட தொலைவில் சிக்னல் இறங்கி, இன்னும் சற்று தூரம் போனதும் தானாகவே ஏறுகிறது.

பதில் 3
எழுதியவர்: பெரம்பூர் ஓய்வாசிரியர்

பாலிடெக்னிக் ஒன்றில் தகவல் தொடர்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கோபுரத்தடித் தம்பியின் விளக்கம் நன்று. ஆனால் இரண்டு இடங்களில் தலையிட வேண்டியிருக்கிறது.

முதலில் படகுத் தம்பிக்கு. உங்கள் ஊகம் சரிதான். கடற்பரப்பில் டவரிலிருந்து நேராக வரும் அலை ஒன்று, நீரில் பட்டுத் தெறித்து வரும் அலை ஒன்று என்று இரண்டே வழிகள். அவையும் கிட்டத்தட்ட ஒரே திசையிலிருந்து வருகின்றன. ஆகவே சமன்பாடுகள் ஒன்றைப் போலவே மற்றொன்று அமைந்துவிடுகின்றன. தப்பிப் பிழைப்பது பெருக்கல் குறிபோல் சாய்த்து வைத்த அந்த இணைதான்: ஒன்று வலமாகச் சாய்ந்த அலையையும் மற்றது இடமாகச் சாய்ந்த அலையையும் அனுப்புவதால், தெறிப்பு இல்லாவிட்டாலும் அவ்விரண்டையும் பிரித்தறிய முடியும். எனவே கடலில் இரண்டு வரிசைகள் கிடைக்கும், அதற்கு மேல் அரிது. ஏலக்கூடத்தில் நான்கு வரை எதிர்பார்க்கலாம். அலைகளை ஒரு கற்றையாகக் குவித்து வலிமை கூட்டும் பயன் மட்டும் கடலிலும் உண்டு, ஆனால் நகரத்து டவர்களின் பலகைகள் தெருவை நோக்கிக் கீழே சாய்க்கப்பட்டிருப்பதால் அதிலும் ஒரு பகுதி உங்களை வந்தடைவதில்லை. சிக்னல் இறங்கி ஏறுவது, நேரலையும் நீரில் தெறித்த அலையும் ஒரு தொலைவில் ஒன்றை ஒன்று அழித்து, வேறொரு தொலைவில் கைகோப்பதால் நிகழ்வது.

கடலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்தப் பல வரிசை முறைக்கு முதல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர், பொள்ளாச்சியில் பிறந்து இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ஆரோக்கியசாமி பால்ராஜ். நீருக்கடியில் வரும் ஒலியைப் பல செவிகளால் ஒரே நேரத்தில் கேட்டுத் திசை அறியும் சோனார்க் கருவியை நம் கடற்படைக்காகக் கொச்சியில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அவர். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. 1996இல் பெல் ஆய்வகத்தின் ஜெரார்டு ஃபாஷீனி, ஆன்டெனாக்களை இரு புறமும் கூட்டக் கூட்டக் கொள்ளளவும் (அனுப்பக்கூடிய தகவலின் அளவும்) அதே கணக்கில் கூடும் என்று காட்டிய கட்டுரையை வெளியிட்டார். பால்ராஜுக்கு 2010இல் பத்ம பூஷணும் 2014இல் மார்க்கோனி பரிசும் கிடைத்தன. படகில் உள்ள, ஒலியால் கடலாழம் அளக்கும் எக்கோ சவுண்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அந்தக் கொள்ளளவுக் கணக்கு ஜவுளிக்காரரின் “உரக்கப் பேசச் சொல்வோமே” என்ற கேள்விக்கு நேரடி விடையாக இருப்பதால், அதை எண்ணாகவே தருகிறேன். கிளாடு ஷானன் 1948இல் தந்த சூத்திரப்படி, சிக்னல் இரைச்சலைவிட 100 மடங்கு வலிமையாக இருந்தால், ஓர் ஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் வினாடிக்கு அதிகபட்சம் 6.7 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற தகவல் துணுக்குகள்) அனுப்பலாம். டவர் பத்து மடங்கு உரக்கப் பேசி, அது 1,000 மடங்காக உயர்ந்தால் 10 பிட்டுகள்தான் கிடைக்கும். பத்து மடங்கு மின்சாரத்துக்கு ஒன்றரை மடங்கு வரவு. மாறாக, பழைய திறனையே இரண்டாகப் பிரித்து, நன்றாகப் பிரிந்து நிற்கும் இரண்டு வரிசைகளில் 50 மடங்கு வலிமையோடு அனுப்பினால், ஒவ்வொன்றும் 5.7 பிட்டுகள் தர, மொத்தம் 11.3 ஆகிறது. உரக்கப் பேசுவதைவிட ஆள் கூட்டுவது இலாபம் என்பதை ஒரு வியாபாரிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனித் தம்பியின் மீது எனக்குள்ள ஆட்சேபம். முதலாவது, மூன்று பயன்களையும் அடுக்கிச் சொன்னபோது, அவை மூன்றும் ஒரே நேரத்தில் முழுமையாகக் கிடைக்கும் என்ற எண்ணம் படிப்பவருக்கு ஏற்பட்டுவிடும். இரண்டு ஆன்டெனாக்களிலும் வெவ்வேறு தகவல் போனால் காப்பீடு குறையும். ஒரே தகவல் போனால் வேகம் குறையும். இந்தப் பேரத்தின் எல்லைக்கோட்டை ஜெங், சே ஆகிய இருவர் 2003இல் கணிதமாக வகுத்துவிட்டார்கள். இரண்டாவது, ஓர் ஆன்டெனா மட்டுமே உள்ள சவுண்ட் பாக்ஸ் முற்றிலும் நாதியற்றது அல்ல. 1998இல் சியாவாஷ் அலமூட்டி ஓர் எளிய முறையைத் தந்தார்: டவரின் இரண்டு ஆன்டெனாக்களும் ஒரே இணை எண்களை, இரண்டாவது தடவையில் இடம் மாற்றியும் குறி மாற்றியும் அனுப்பினால், வாங்கும் பக்கத்தில் ஒரே ஆன்டெனா இருந்தாலும் இரண்டு வழிகளின் காப்பீடு கிடைத்துவிடும். இதன் ஒரு வடிவம் 4ஜியிலேயே இருக்கிறது. ஆகவே, பள்ளத்தில் விழுவதுதான் கோளாறு என்று உடனே தீர்ப்பெழுத நான் தயங்குவேன். இரும்பின் நிழலில் பெட்டி அகப்பட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். நிழல் எல்லா வழிகளையும் சேர்த்தே மங்க வைப்பதால், அங்கே எத்தனை ஆன்டெனாக்கள் இருந்தும் காப்பீடு பெரிதாக உதவாது. வேறுபாட்டைக் கண்டறிவது எளிது: ஒரு சாண் நகர்த்தியதும் சரியானால் பள்ளம்; மறைப்பைத் தாண்டினால்தான் சரியாகும் என்றால் நிழல்.

பதில் 4
எழுதியவர்: வியாசை மாணவி

ஆசிரியர் ஐயாவுக்கும் கோபுரத்தடி அண்ணாவுக்கும் நன்றி. மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தில் இதை அணிகளாகவும் நிரல்களாகவும் மட்டுமே நடத்தினார்கள். ஒரு சந்தேகம். வியாசர்பாடி ஜீவா நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிறேன். ரயில் நிற்கும்போது இருக்கும் 5ஜி வேகம், ஓடத் தொடங்கியதும் கண்கூடாகக் குறைகிறது. கற்றையை என்மீது குவிக்க நான் இருக்கும் இடம் டவருக்குத் தெரிய வேண்டுமே; கைப்பேசி அதை எப்படிச் சொல்கிறது, நான் நகர்ந்துகொண்டிருந்தால் அந்தச் செய்தி பழையதாகிவிடாதா?

பதில் 5
எழுதியவர்: எம்.சி. ரோடு ஜவுளிக்காரர்

அனைவருக்கும் நன்றி. 3க + ச கணக்கை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் கொடுத்தேன், அரை நிமிடத்தில் விடை சொல்லிவிட்டு, “இதற்கா இத்தனை பெரிய பெட்டி?” என்று கேட்டாள்.

சோதனையையும் செய்துவிட்டேன். ஞாயிறு மதியம் கடை காலியாக இருந்த நேரத்தில், மைத்துனரைத் தெருமுனையில் நிற்கவைத்து, ஒரு ரூபாய் ஒரு ரூபாயாக அனுப்பச் சொன்னேன். சவுண்ட் பாக்ஸ் வழக்கமாக இருக்கும் இடத்தில் பத்து முறைக்கு நான்கு முறைதான் உடனே அறிவித்தது. ஒரு சாண் வலப்புறம் நகர்த்தினால் ஐந்து. இடப்புறம் மறுபடி நான்கு. கோபுரத்தடித் தம்பி சொன்னபடி பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிறகுதான் ஆசிரியர் ஐயாவின் நிழலைப் பற்றி யோசித்தேன். கல்லாவுக்கும் தெருவுக்கும் நடுவே, சட்டை அடுக்கும் ஸ்டீல் ரேக் ஒன்று தோள் உயரத்துக்கு நிற்கிறது; அதன் பின்பக்கம் முழுத் தகடு. பெட்டியை ரேக்கின் மேல்தட்டுக்கு மேலே, சாமி படம் மாட்டிய ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து மாட்டினேன். பத்துக்குப் பத்து. கைப்பேசி அதே மறைவில் இருந்தும் எப்படி முழுக் கோடு காட்டியது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை. தீபாவளிக் கூட்டத்தைப் பற்றியும் யாரும் இன்னும் எழுதவில்லை.

பதில் 6
எழுதியவர்: கோபுரத்தடி

ஆசிரியர் ஐயா திருத்தியது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒற்றை ஆன்டெனாப் பெட்டிகளை எங்கே பார்த்தாலும் உடனே அதையே குறை சொல்வது எங்கள் தொழிலின் பழக்கம்.

கைப்பேசி முழுக் கோடு காட்டுவதற்குக் காரணம், ஐயா, அந்தக் கோடுகள் வேகத்தையோ நம்பகத்தையோ காட்டுவதில்லை. டவரின் சோதனைக் குறி எவ்வளவு வலிமையோடு வருகிறது என்பதை மட்டுமே தோராயமாகக் காட்டுகின்றன. எதிரிலேயே டவர் இருப்பதால், தகட்டுக்குப் பின்னாலும் கைப்பேசிக்கு எஞ்சியது போதுமானதாக இருந்தது. நல்ல ஆன்டெனாக்கள் இரண்டு மூன்று கொண்ட கைப்பேசி தாங்கிய மறைப்பை, ஒற்றை ஆன்டெனாவை அடிப்பலகையின் ஓரத்தில் கோடாகப் பதித்த மலிவுப் பெட்டியால் தாங்க முடியவில்லை. ஆக, நிழல் முதல் குற்றவாளி, ஒற்றை ஆன்டெனா உடந்தை. இவ்வளவு தூரம் என் பழைய பதிலைக் காப்பாற்றிக்கொள்ள அனுமதியுங்கள்.

வியாசைத் தங்கையின் கேள்வி நல்ல கேள்வி. இங்கே 5ஜியின் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் நேரம் மாற்றி மாற்றி நடக்கின்றன. ஆகவே கைப்பேசி ஒரு சிறு சோதனைக் குறியை மேலே அனுப்பினால், அது 64 வாங்கிகளிலும் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்தே, கீழே அனுப்பும்போது எந்த ஆன்டெனாவுக்கு எவ்வளவு தாமதம் தர வேண்டும் என்று டவர் தெரிந்துகொள்கிறது. போன வழியே திரும்பி வருவதுதான். கைப்பேசி தன் இடத்தைச் சொல்வதே இல்லை. ஆனால் அந்த அறிவு அரை அலைநீளம் நகர்ந்தாலே பழையதாகிவிடும். ரயில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால், 4.3 செ.மீ. தூரத்தைக் கடக்க 5 மில்லிவினாடிதான் ஆகும். அதற்குள் அளந்து, கணக்கிட்டு, அனுப்பி முடிக்க வேண்டும். முடியாதபோது டவர் கூர்மையான குவிப்பைக் கைவிட்டு, திசையை மட்டும் நம்பும் அகலமான கற்றைக்கு இறங்கிவிடும். நீங்கள் பார்க்கும் வேகக் குறைவில் ஒரு பங்கு இதனால். இன்னொரு பங்கு டவருக்கு டவர் மாறுவதால்.

இனித் தீபாவளிக் கூட்டம். அந்த நாள்களில் உங்கள் சிக்னல் குறைவதில்லை, பங்கு குறைகிறது. பழைய பலகையின் அலைக்கற்றையை, அந்தத் திசையில் நிற்கும் எல்லாரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். புதிய பெட்டியின் தலையாய பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2010இல் தாமஸ் மார்செட்டா என்பவர், கைப்பேசிகளைவிடப் பல மடங்கு ஆன்டெனாக்களை டவரில் வைத்தால், ஒரே நொடியில் ஒரே அலைவரிசையில் பலருக்குத் தனித்தனியே அனுப்பலாம் என்று காட்டினார்; அதன் நடைமுறை வடிவமே நீங்கள் பார்ப்பது. ஒருவரிடம் குவியும் அலை பக்கத்தவரிடம் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளுமாறு தாமதங்கள் கணக்கிடப்படுவதால், எட்டு, சில ஏற்பாடுகளில் பதினாறு வரிசைகள் வரை ஒன்றாக ஓடும்.

இருந்தும் எம்.சி. ரோட்டில் அது புத்தகத்தில் உள்ளபடி நடப்பதில்லை என்பதை நானே அளவெடுத்துப் பார்த்திருக்கிறேன். ரோடு நேர்கோடு, ரோட்டின் முனையில் நிற்கும் டவருக்கு, அதில் தோளோடு தோள் உரசி நிற்கும் ஆயிரம் பேரும் கிட்டத்தட்ட ஒரே திசையில் தெரிவார்கள். ஒரே திசையில் இருப்பவர்களைப் பிரிப்பது, முன்பு சொன்ன 3க + 1.1ச கணக்கின் கதைதான். பக்கவாட்டில் நிற்கும் உங்கள் எதிர்மாடி டவருக்கு அந்தக் கூட்டம் அகலமாக விரிந்து தெரிவதால், அது இன்னும் நன்றாகப் பிரிக்கும். மேலும், கூட்டத்தில் 5ஜி கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் பெட்டி. மற்றவர்கள் இன்னும் பழைய பலகையில்தான் நெரிசல் படுகிறார்கள், உங்கள் சவுண்ட் பாக்ஸ் உட்பட. உங்கள் கைப்பேசி 5ஜி என்றால், அமைப்பில் 4ஜி மட்டும் என்று யாராவது மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மின்கலம் சீக்கிரம் தீர்கிறது என்று கடைக்காரர்கள் பலர் அப்படி மாற்றிவிட்டு மறந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

சவுண்ட் பாக்ஸ் அந்த ஆணியிலேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் சாரலுக்காக இரும்பு ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பீர்கள் அல்லவா, அப்போது மைத்துனரை மறுபடியும் தெருமுனைக்கு அனுப்பி, பத்துக்கு எத்தனை என்று இங்கே எழுதுங்கள்.